எஸ்தர் பாடியபோது கரண்ட் இல்லை

நெய்வேலிக்காரனிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். மின்சாரத்தைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் முடிவெட்டுகிறவர் டர்பைனைப் பற்றிப் பேசுவார். பால்காரர் எந்த யூனிட் நின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் பாலையே ஊற்றுவார். மற்ற ஊர்களில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த நாட்களிலும் டவுன்ஷிப்புக்குள் மின்விசிறி நின்றதில்லை. எங்கள் தெருவில் மெழுகுவர்த்தி வாங்குகிறவர்கள் எல்லாரும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு தெரு முழுவதற்கும் கரண்டை நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. அதுவும் எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினியரிங் படித்து முடித்துவிட்டு. (அந்தப் படிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பா 'நாலு வருசம்' என்பதை மட்டும் அழுத்திச் சொல்வார்.)

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்த சமயம். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். பெங்களூரில் இருந்த சித்தப்பா மகன் புதிய லேப்டாப் வாங்கியதால், பழையதை எனக்குத் தள்ளிவிட்டான். சும்மா இருப்பவன் கையில் லேப்டாப் கிடைத்தால் என்ன ஆகும்? எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறை ரெகார்டிங் ஸ்டுடியோ ஆனது. சுவரெல்லாம் முட்டை அட்டை. ஜன்னலுக்கு இரண்டு மெத்தை. மைக்கைக் கட்டித் தொங்கவிட அம்மாவின் கொடிக்கயிறு. அம்மா துணி காயவைக்க இடமில்லாமல் ஒரு வாரம் புலம்பிவிட்டு, பிறகு ஸ்டுடியோவுக்குள்ளேயே காயவைக்கத் தொடங்கினாள். எதிரொலி குறைந்தது என்னவோ அவளுடைய புடவைகளால்தான்.

ஸ்டுடியோ யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கலைச்சேவை என்று ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மையான பதில் மூன்று வீடு தள்ளி இருந்தது.

அது தங்கராஜ் அங்கிள் வீடு. நாகர்கோயில் பக்கத்துக்காரர், அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். அவருடைய மகள் எஸ்தர் சர்ச்சில் பாடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் பாடிப் பழகும் நேரத்தில் நான் எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவேன். பாட்டு முடியும்வரை விடுவேன். எங்கள் முருங்கை மரம் வேரழுகிச் செத்ததற்குக் காரணம் பூச்சி என்று அப்பா இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு எஸ்தரைப் பிடித்திருந்தது. இந்த மூன்று சொல்லை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அப்போது அவள் எதிரில் வாயைத் திறந்தால் மைக்ரோஃபோனைப் பற்றித்தான் பேச்சு வரும். தெருவில் இருந்த எல்லாப் பையன்களையும் 'அண்ணா' என்று கூப்பிடுகிறவள், என்னை மட்டும் எப்படியும் கூப்பிடாமல் 'நீங்க' என்று நிறுத்திக்கொள்வாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் மனசுக்குள் மாடி வீடே கட்டியிருந்தேன்.

டவுன்ஷிப் வாழ்க்கையில் ஒரு கொடுமை உண்டு. வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸும் முடிந்தது. சாவியை ஒப்படைத்துவிட்டு அவரவர் மாவட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கூடவே நம்மோடு சைக்கிள் விட்டவர்களும், நம்மிடம் ரெகார்ட் நோட்டு வாங்கிப் போனவர்களும் போய்விடுவார்கள். எந்த வீட்டில் எந்த மாதம் ரிட்டயர்மென்ட் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். தங்கராஜ் அங்கிளுக்கு அந்த மே மாதம். நாகர்கோயிலில் வீடு கட்டி முடித்துவிட்டார். ரிட்டயர் ஆகும் வாரமே லாரி ஏற்றிவிடுவதாக இருந்தார்கள்.

மே தொடக்கத்தில் துணிந்து அவர்கள் வீட்டு கேட்டருகே போய் நின்றேன். “ஊருக்குப் போறதுக்குள்ள உங்க பாட்டு ஒண்ணு ரெகார்ட் பண்ணி சிடி போட்டுக் குடுக்கறேன்” என்றேன்.

“நெஜமாவா?” என்றாள். “அப்பா ரொம்ப சந்தோஷப்படுவாங்க.”

அவளுக்கு ஒரு சிடி. எனக்கு ஒன்று. நான் விரும்பியது அவ்வளவுதான். அவள் போன பிறகும் அந்தக் குரல் என்னிடம் இருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை வந்தாள். கொடிக்கயிற்றில் தொங்கிய மைக்கின் முன்னால் நின்று ஒரு கீர்த்தனை பாடினாள். போட்டுக் கேட்டோம். பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். பக்கத்துத் தெருவில் யாரோ மாவு மில் ஓட்டுவதுபோல. அவள் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் அது முன்னால் வந்து நின்றது.

“இது என்ன சத்தம்?” என்றாள்.

“ஹம்” என்றேன், டாக்டர் நோயின் பெயரைச் சொல்கிற தோரணையில். “அடுத்த சனிக்கிழமைக்குள்ள எடுத்துடலாம்.”

லேப்டாப்புக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் இருக்கிறதல்லவா, அந்தக் கறுப்புச் செங்கல்? குற்றவாளி அதுதான் என்று அன்றே கண்டுபிடித்துவிட்டேன். அதை என்ன செய்வது என்பதில்தான் என் நாலு வருடப் படிப்பு வேலை செய்தது. இரும்புப் பெட்டிக்குள் அடைத்தால் இரைச்சல் வெளியே வராது என்று எங்கோ படித்த ஞாபகம். அம்மாவின் பிரஷர் குக்கருக்குள் அடாப்டரை வைத்து, வயர் போக இடம் விட்டு மூடியைக் கவிழ்த்தேன். மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா எட்டிப் பார்த்தார். அவர் பக்கத்து முத்தாண்டிக்குப்பத்துக்காரர், டவுன்ஷிப்பில் இருபத்தைந்து வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

“இன்னாடா வேக வச்சிகினு இருக்க?”

“கரண்ட்டுல சத்தம் வருதுப்பா.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. “எந்தக் கரண்ட்டுல? நம்ம கரண்ட்டுலயா? நாங்க கரி வெட்டிக் குடுக்குறோம், தங்கராஜு எரிச்சிக் குடுக்குறாரு. ஊரு ஒலகமே இத வச்சி ஓடிகினு இருக்குது. ஒனக்கு மட்டும் அது சத்தம் போடுதா?”

குக்கர் வைத்தியம் பலிக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை வீட்டிலிருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்ததில் பால் திரிந்தது, ஹம் போகவில்லை. எஸ்தர் “ஒண்ணு ரெண்டு மூணு” சொல்வாள், நான் ஹெட்ஃபோனில் கேட்டுத் தலையை ஆட்டுவேன், பிறகு அவள் என் அம்மாவிடம் போய் முறுக்குத் தின்றபடி பேசிக்கொண்டிருப்பாள். எனக்கும் சேர்த்து அம்மாதான் அவளோடு அதிகம் பேசினாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் சாதாரணமாகக் கேட்டாள்: “அந்த வயரப் புடுங்கிட்டுப் பாடினா என்ன? லேப்டாப்ல பேட்டரி இருக்கும்ல?”

இருந்தது. எங்கே இருந்தது என்றால், பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கும் நிலப் பத்திரத்துக்கும் நடுவில், ஜவுளிக்கடைப் பைக்குள் சுற்றி. லேப்டாப்பைக் கொடுக்கும்போது சித்தப்பா மகன், “எப்பவும் கரண்ட்லயே போட்டு வெச்சா பேட்டரி வீணாப் போயிடும்” என்று சொல்லியிருந்தான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் பேட்டரியை உபயோகப்படுத்தியிருப்பான். நான் நெய்வேலிக்காரன். கரண்டே போகாத ஊரில் பேட்டரியை ஏன் தேய்க்க வேண்டும்? கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டேன்.

“அது வேற டெக்னிக்கல் விஷயம்” என்றேன் எஸ்தரிடம். அவள் சொன்னதை உடனே ஒப்புக்கொண்டால் நான் படித்ததற்கு என்ன மரியாதை? “எர்த்திங்தான் பிரச்சனை. குழி வெட்டப் போறேன்.”

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். “சரி, வெட்டுங்க” என்றாள்.

வெட்டினேன். அப்பாவும் கூட நின்றார். ஊர்க் கரண்டின் மானத்தைக் காப்பாற்ற அவருக்கும் ஆசை. செத்துப்போன முருங்கை இருந்த இடத்தில் ஆள் ஆழத்துக்குக் குழி. அதற்குள் இரும்புக் குழாய், மூட்டை உப்பு, மூட்டை அடுப்புக்கரி. பூமியெல்லாம் நிலக்கரியாக இருக்கிற ஊரில் மந்தாரக்குப்பம் கடைக்குப் போய்க் கரி வாங்கி வந்து புதைத்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

குழி முடிந்தபோது நாலாவது சனிக்கிழமையும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் தங்கராஜ் அங்கிளுக்குத் தெருக்காரர்களின் பிரிவுபசாரம். தெருவிலேயே ஷாமியானா, நாற்காலி, வடை, கேசரி. மந்தாரக்குப்பத்திலிருந்து மைக் செட் ஏழுமலை வந்திருந்தார். ஷாமியானாவுக்கு எங்கள் வீடு பக்கம் என்பதால் கரண்ட் எங்கள் வராந்தாவிலிருந்து. கடைசியில் எஸ்தர் பாடுவாள் என்று சொன்னார்கள். திங்கட்கிழமை லாரி.

இதைவிட்டால் நாள் இல்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் ஏழுமலையின் ஆம்ப்ளிஃபயரில் வயரைச் செருகினேன். செருகியதுதான் தாமதம், பந்தலின் இரண்டு பக்கமும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் ‘ம்ம்ம்ம்’ என்று எழுந்தன. இத்தனை நாள் பின்னறைக்குள் இருந்த என் அவமானம் தெரு முழுக்க ஒலிபரப்பானது. பேசிக்கொண்டிருந்த யூனியன்காரர் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்.

“தம்பி, ஒங்க பொட்டியக் கழட்டுங்க, சரியாப் பூடும்” என்றார் ஏழுமலை.

கழற்றினால் பாட்டு கிடைக்காது. “அண்ணே, ரெண்டே நிமிஷம். எர்த் குடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். குழியிலிருந்து வந்த கம்பியை ஜங்ஷன் போர்டில் கொடுக்க வேண்டும். அந்தப் போர்டில் எல்லா வயரும் வெயிலில் வெளுத்து ஒரே நிறமாக இருந்தன. எது எர்த், எது உயிருள்ள லைன் என்று டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். டெஸ்டரைத் தேட நேரமில்லை. மெயினை நிறுத்தி, எர்த் என்று நான் முடிவு செய்த இடத்தில் கம்பியை நன்றாக முறுக்கினேன். பிறகு மெயினைப் போட்டேன்.

குழிக்குள்ளிருந்து ‘டம்’ என்று ஒரு சத்தம். உப்புத் தண்ணீர் பொங்கிப் புகை வந்தது. எங்கள் வீட்டு ஃபியூஸ் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அப்பா அதில் எப்போதோ பேனா ரீஃபில் தடிமனில் ஒரு செம்புக் கம்பியை மாட்டி வைத்திருந்தார். (அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை பாருங்கள்.) ஆகவே தெருமுனைப் பெட்டியில் இருந்த ஃபியூஸ் போனது. பந்தல் விளக்கு, தெருவிளக்கு, இரண்டு வரிசை வீடுகள், எல்லாம் ஒன்றாக அணைந்தன.

வேறு ஊராக இருந்தால் ஜனங்கள் விசிறி தேடியிருப்பார்கள். எங்கள் ஊரில் ஆம்பிளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். “யூனிட் ட்ரிப் ஆயிடுச்சா?” என்று நாலைந்து குரல்கள். இரண்டு பேர் கேசரியைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளைத் தேடினார்கள். எல்லாருக்கும் முன்னால் தங்கராஜ் அங்கிள். கழுத்தில் ரோஜா மாலையும் தோளில் பொன்னாடையுமாக அவர் தன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

“தங்கராஜு, எங்க போறீங்க?” என்றார் அப்பா.

“பிளான்ட்டுக்குத்தான். என்னாச்சுன்னு தெரியலியே.”

“அடுத்த தெருவுல லைட்டு எரிஞ்சிகினு இருக்குது பாருங்க. இது நம்ம தெருவுல மட்டுந்தான்.” அப்பா சைக்கிளின் கேரியரில் கை வைத்தார். “ஒங்களுக்கு டூட்டி முடிஞ்சிப் போச்சிங்க.”

அங்கிள் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முப்பத்து நாலு வருடம் ஷிப்ட் பார்த்த மனிதர். மாலையைக் கழற்றவும் தோன்றவில்லை, சைக்கிளை விடவும் தோன்றவில்லை. நான் வராந்தாவில் கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்று அதைப் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அப்போதுதான் எஸ்தர் பாடத் தொடங்கினாள். யாரும் அழைக்கவில்லை. தன் அப்பாவின் பக்கத்தில் போய் சைக்கிள் ஹாண்டிலில் கையை வைத்துக்கொண்டு, மைக் இல்லாமல், அதே கீர்த்தனை. மின்விசிறி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, டியூப் லைட் இல்லை. எங்கள் தெருவில் அவ்வளவு நிசப்தம் இருக்கக்கூடும் என்றே எனக்குத் தெரியாது. நாலு வாரமாக நான் தேடிய ஹம் இல்லாத குரல் தெருவின் கடைசி வீடுவரை போனது.

நான் என்ன செய்தேன்? கேட்டேனா? பேட்டரி எடுக்க ஓடினேன்.

பீரோ சாவி அம்மாவின் இடுப்பில். இருட்டில் அம்மாவைக் கண்டுபிடித்தேன். “பாடுது, சும்மா இருடா” என்று கையைத் தட்டிவிட்டாள். பிடுங்காத குறையாகச் சாவியை வாங்கிக்கொண்டு ஓடி, புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டு, ஜவுளிக்கடைப் பையைப் பிரித்து, பேட்டரியை எடுத்து, தடவித் தடவிப் பந்தலுக்கு வந்து லேப்டாப்பில் மாட்டி பட்டனை அழுத்தினேன். நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு வருடம் சார்ஜே போடாமல் பூஜை செய்து வைத்த பேட்டரி. ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

நிமிர்ந்தபோது கடைசி அடி பாடிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு அடியைத்தான் நான் கேட்டேன். தெருவே கேட்ட பாட்டில் முக்கால்வாசியை பீரோவுக்குள் தலை வைத்துத் தொலைத்தவன் நான் ஒருவன்தான்.

மெயின்டனன்ஸ் ஆள் வந்து ஃபியூஸ் போட்டதும் விளக்கு வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் குழியை டார்ச் அடித்துப் பார்த்த தங்கராஜ் அங்கிள், “ஏ மக்கா, என் சர்வீசுல ஒரு ட்ரிப்பிங் பழி எம்மேல வந்ததில்ல. கடைசி நாளுல நீ வாங்கித் தந்துட்டியே” என்று சிரித்தார். அப்பா தன் செம்புக் கம்பியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை லாரி கிளம்புமுன் எஸ்தர் எங்கள் கேட்டுக்கு வந்தாள். “அன்னைக்குப் பாடினது, லேப்டாப்ல விழுந்துச்சா?”

‘இல்லை’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அத்தனை பேர் முன்னால் அசடானது போதாதா, இவளிடமுமா என்று நினைத்தேன். “விழுந்துச்சு. நல்லா வந்துருக்கு” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ சிடி அனுப்புங்க” என்று ஒரு தாளில் நாகர்கோயில் முகவரியை எழுதிக் கொடுத்தாள். லாரி போனது. மூன்று வீடு தள்ளி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அன்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் தோட்டத்துக்கு ட்யூபை இழுத்துக்கொண்டு போய், தண்ணீரைத் திறக்காமல் நின்றேன்.

முகவரி இருந்தும் நான் கடிதம் எழுதவில்லை. எழுதினால் சிடியோடுதான் எழுத வேண்டும். இரண்டு வருடம் கழித்து அம்மா பெயருக்கு அவளுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. ஓரத்தில் பேனாவால், ‘சிடி என்னாச்சுன்னு கேளுங்க ஆன்ட்டி.’

அப்பாவும் அம்மாவும் போனார்கள். சென்னையில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. (நான் கேட்கவே இல்லை.) திரும்பி வந்த அப்பா போனில் வாய் நிறைய கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். நடுவில், “அந்தப் பொண்ணு சிடிய கேட்டுச்சிடா. அதெல்லாம் ஒண்ணும் பதியலம்மா, பேட்டரி செத்துப் பூட்ச்சின்னு சொன்னேன்” என்றார்.

“என்ன சொன்னா?”

“சிரிச்சிது. விழுந்து விழுந்து சிரிச்சிது. அப்புறம், ‘அத அன்னைக்கே சொல்லியிருந்தா அங்கயே நின்னு இன்னொருக்கா பாடியிருப்பேனே அங்கிள்’னுச்சு.”

அப்பா அடுத்து பாயசத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. அந்த கேட்டருகில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன் என்று சில நாட்கள் தோன்றும்.

இப்போது தாம்பரத்தில் எங்கள் அடுக்குமாடியில் இன்வெர்ட்டர் இல்லாத ஒரே வீடு என்னுடையது. கேட்டால், இன்வெர்ட்டர் இரைச்சல் போடும் என்று டெக்னிக்கலாகக் காரணம் சொல்வேன். கரண்ட் போனதும் இருட்டுக்குள்ளிருந்து என் மகள், “அப்பா, இன்னைக்கு யாரு ரிட்டயர் ஆகறாங்க?” என்று கத்துவாள். என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தால் எனக்கு முன்னால் அவர் சிரிப்பார். என் மனைவிக்கு முழுக் கதையும் தெரியும். அவளும் சிரித்துவிட்டு, டார்ச்சைத் தேடப் போகிற மகளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, “அஞ்சு நிமிஷம் இருக்கட்டும் விடு” என்பாள். நானும் எழுந்து எதையும் எடுக்க ஓடுவதில்லை.